போர்ப்பலகை விதிகளும் 1801-ஆம் ஆண்டின் பாளையக்காரர் போரும்

திறவுச்சொற்கள்: போர்ப்பலகை விளையாட்டு, கிரீக்ஸ்பீல், பாஞ்சாலங்குறிச்சி, காளையார்கோவில், ஆடுபுலி ஆட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களைப் பலகையின்மீது மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டுகள், எது படை, எது வெற்றி, போர் எப்போது முடிகிறது என்னும் வினாக்களுக்கு விதிகளின் வழியே விடை கூறுகின்றன. அவ்வகையில் அவை வரலாற்று விளக்கங்களும் ஆகும். அவ்விதிகள் ஐரோப்பிய, அமெரிக்கப் போர்க்களங்களிலிருந்து பெறப்பட்டவை. அவற்றைக்கொண்டு 1801-ஆம் ஆண்டின் தென்தமிழகப் போரை ஆடிப் பார்த்தால் எவை விடுபடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரஷ்யாவில் தந்தை ரைஸ்விட்ஸ் 1812-இல் மன்னருக்கு அளித்த விளையாட்டை, படை அதிகாரியான அவருடைய மகன் 1824-இல் திருத்தி வெளியிட்டார். கிரீக்ஸ்பீல் எனப்பட்ட அதில் 1:8000 அளவிலான நிலப்படம், இரண்டு நிமிடப் போர்க்காலத்தைக் குறிக்கும் ஒவ்வொரு சுற்று, பகடை, நடுவர் ஆகியன இருந்தன. பகைவரின் படை கண்ணுக்குப் புலப்படும் தொலைவிற்கு வந்தபின்னரே நடுவர் அதனைப் படத்தில் வைப்பார். இவ்விதி பின்வந்த வணிக விளையாட்டுகள் பலவற்றில் மறைந்துபோனது பேரிழப்பே எனலாம்.

1958-இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'கெட்டிஸ்பர்க்', 1863-ஆம் ஆண்டின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களம் ஒன்றைப் பலகைக்குக் கொணர்ந்தது. 1961-ஆம் ஆண்டுப் பதிப்பில் சதுரக் கட்டங்களுக்கு மாற்றாக அறுகோணக் கட்டங்கள் இடம்பெற்றன. தாக்குவோர் வலிமைக்கும் காப்போர் வலிமைக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு, பகடை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்ப்பது இவ்வகை விளையாட்டுகளின் அடிப்படை. அழிந்த காய் பொதுவாகப் பலகைக்குத் திரும்புவதில்லை.

பாஞ்சாலங்குறிச்சி இவ்விதிக்கு அடங்காது. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் தகர்க்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை முதலியோர் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினர். சில நாட்களில் கம்பெனிப் படை சென்றபோது மண்கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. மார்ச் 31 அன்று மேஜர் காலின் மெக்காலே நடத்திய தாக்குதல் தோற்றது. (கல்விக் குறிப்பால் அறியப்படும் மெக்காலே இவருடைய தம்பி மகன்.) மே 24 அன்று கர்னல் அக்னியூ கோட்டையைக் கைப்பற்றினார். ஊமைத்துரையோ தப்பிச் சென்று மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். கோட்டை வீழ்ந்ததை வெற்றிப் புள்ளியாகக் கணக்கிடும் விளையாட்டு இங்கேயே முடிந்துவிடும். போரோ சிவகங்கைக்கு நகர்ந்தது.

அங்கே காடே அரணாயிற்று. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்கக் கம்பெனிப் படை ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று கைவிட்டது. அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகள் இதற்குச் சான்று. பலகையில் காடு என்பது நகர்வைக் குறைக்கும் ஒரு பச்சைக் கட்டம். காளையார்கோவிலில் அது போரிடும் தரப்புகளுள் ஒன்றாகவே விளங்கியது. பல திசைகளிலிருந்தும் படைகள் நுழைந்த பின்னரே, அக்டோபர் 1 அன்று அவ்வூர் வீழ்ந்தது.

வலிமை ஒவ்வாத இருதரப்பை ஆடுவதற்குத் தமிழ்நாட்டில் வேறொரு பலகை உண்டு. கோயில் தளங்களிலும் பாறைகளிலும் கீறப்பட்டுள்ள ஆடுபுலி ஆட்டத்தில், பரவலாக வழங்கும் முறைப்படி, மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதுகின்றன. ஆடுகளால் வெட்ட இயலாது. வழியடைத்து நகரவிடாமற் செய்வதே அவற்றின் வெற்றி. விகித அட்டவணையைவிடக் காளையார்கோவில் காட்டுக்கு இவ்விதியே நெருக்கமானது. எனினும் பாளையக்காரரை ஆடுகளாகவும் கம்பெனியைப் புலியாகவும் கொள்ளும் எளிய ஒப்புமை பொருந்தாது. கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான்; எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது; கம்பெனியின் படையிலும் இந்தியச் சிப்பாய்களே பெரும்பான்மையினர். ஆடுபுலியிலும் 'கெட்டிஸ்பர்க்'கிலும் காய்களின் தரப்பு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே உறுதியாகிவிடுகிறது. 1801-ஐப் பலகையில் அமைக்க முனைவோர் முதலில் வகுக்க வேண்டியது, எந்தப் பாளையம் எப்போது எவர் பக்கம் சேரும் என்பதற்கான விதியையே.