'ஹோபா': கடனும் பாவமும்

ஒரு சமுதாயத்தின் பொருளியல் உறவுகள் அதன் சமயச் சொற்களிற் படிந்திருக்கும் விதத்துக்கு, 'ஹோபா' என்னும் அரமேயச் சொல் தெளிவான சான்றாகும். கடனும் அதுவே, பாவமும் அதுவே. இயேசு கற்பித்த செபத்தில், மத்தேயு 'கடன்கள்' என எழுதும் இடத்தில் லூக்கா 'பாவங்கள்' என்கிறார். ஓர் அரமேயச் சொல்லே கிரேக்கத்தில் இருவகையாகப் பெயர்க்கப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. லூக்காவும் அடுத்த தொடரிலேயே கடன்பட்டவனைக் குறிப்பிடுவது நோக்கத்தக்கது.

பழைய எபிரேய நூல்களிலே பாவம் பெரும்பாலும் மனிதன் சுமக்கும் சுமை. அந்நூல்களின் அரமேயப் பெயர்ப்புகளாகிய தர்கூம்களில் அவ்விடத்தைக் 'ஹோபா' பிடித்துக்கொள்கிறது. பாவக்கருத்து முழுவதும் கடனின் நேர்ப்பிரதிபலிப்பே என்பது கொச்சைப் பொருள்முதல்வாதம். ஆயின், இம்மாற்றத்தை வெறும் மொழிவழக்கென ஒதுக்குவதற்குமில்லை. பாரசீகப் பேரரசின் ஆட்சிமொழியாய் விளங்கியது அரமேயம். எகிப்தின் எலிபன்டைன் தீவிற் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டு வட்டிக்கடன் பத்திரங்கள் அம்மொழியிலேயே உள்ளன.

ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விடுவிக்குமாறு உபாகமம் 15ஆம் அதிகாரம் விதித்தது. விடுதலையாண்டு நெருங்கியதும் பொருளுடையோர் கடன் கொடுக்கப் பின்வாங்கினர். எனவே 'புரோஸ்புல்' என்னும் ஏற்பாட்டை ஹில்லேல் வகுத்தார் என்று மிஷ்னா கூறும். கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் விடுதலை அதனைத் தீண்டாது. ஏழைக்குக் கடன் கிடைக்க இது வழிசெய்தது என்பர். அது உண்மையே, ஆனால் யாருடைய சொத்து இதனாற் காக்கப்பட்டது என்ற வினாவும் உண்டு. முரப்பாத் குகையிற் கிடைத்த அரமேயப் பத்திரமொன்று நீரோவின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது (கி.பி. 55/56). விடுதலையாண்டாயினும் திருப்பித் தருவேன் என்று கடன்பட்டவன் அதில் ஒப்புகிறான். தொகை 20 சூஸ் மாத்திரமே.

பத்தாண்டு கழித்து, கி.பி. 66இல், எருசலேமின் ஆவணக்காப்பகத்துக்குக் கிளர்ச்சியாளர் தீ வைத்தனர். வட்டிக்காரரின் பத்திரங்களை அழித்துக் கடனாளிகளைத் தம்பக்கம் ஈர்ப்பதே நோக்கம் என எழுதுபவர் யோசேபஸ். அவர் கிளர்ச்சியாளரின் நண்பரல்லர்.

பழைய தமிழ் விவிலியப் பெயர்ப்பு மத்தேயுவின் தொடரில் 'கடன்கள்' என்றே வைத்துள்ளது. தமிழிற் 'கடன்' கடமையையுங் குறிக்கும், பாவத்தைக் குறியாது. ஆகவே நம்மவர் அதனை உருவகமெனக் கொண்டு கடந்துவிடுகின்றனர். கலிலேயக் குடியானவன் அவ்வாறு கடந்திருப்பான் என நான் கருதவில்லை. அதே மத்தேயுவின் 18ஆம் அதிகார உவமையிலே, கடனைத் தீர்க்க வழியற்றவனை மனைவி மக்களோடு விற்றுவிடும்படி அரசன் கட்டளையிடுகிறான்.