நள்ளிரவு விருந்தும் நாட்டுரிமையும்: ஓர்தேஸ் அரசவை, 1347–1391

1388 நவம்பர் இறுதியில் வரலாற்றெழுத்தாளர் ழான் ஃபிரவாஸார் பிரெனே மலையடிவாரத்து ஓர்தேஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆண்டவர் ஃபுவா கோமகனும் பெயார்ன் அதிபருமான மூன்றாம் காஸ்தோன். தமக்குத் தாமே ‘ஃபேபுஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டவர். அவர் உணவருந்த வருவது நள்ளிரவில். பன்னிரண்டு பணியாளர்கள் பன்னிரண்டு தீவட்டிகளுடன் மேசைமுன் நிற்பார்கள். அவராகப் பேச்சுக் கொடுத்தாலொழிய எவரும் வாய் திறப்பதில்லை. ஃபிரவாஸார் தம் ‘மெலியதோர்’ காவியத்தை இரவுதோறும் அங்கே வாசித்தார்.

இதையெல்லாம் ஒரு செல்வந்தரின் விசித்திரப் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது தவறு. பெயார்ன் போன்ற சிறு நாட்டுக்கு அரசவைதான் முதல் அரண் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஃபேபுஸின் நிலங்கள் ஒரே துண்டாக இல்லை. கிழக்கே இருந்த ஃபுவா பிரெஞ்சு அரசருக்குக் கட்டுப்பட்டது. மேற்கே இருந்த பெயார்னோ, அக்கித்தேன் பகுதியை ஆண்ட ஆங்கிலேய அரசர்கள் தம் மேலாண்மைக்குள் வைத்திருந்த நிலம். இரண்டுக்கும் நடுவில் பகைவர்களான அர்மஞ்ஞாக் குடும்பத்தின் செல்வாக்கு. 1347 செப்டம்பரில், கிரேஸி போரில் பிரான்ஸ் தோற்ற மறு ஆண்டு, பிரெஞ்சு அரசரின் தூதரிடம் பதினாறு வயது ஃபேபுஸ் துணிந்து சொன்னார்: பெயார்னைக் கடவுளிடமிருந்தே பெற்றிருக்கிறேன், எந்த மனிதரிடமிருந்தும் அல்ல.

சொல்லிவிடலாம். நிலைநாட்டப் பணம் வேண்டுமே! 1362 டிசம்பர் 5 அன்று லோனாக் போரில் அர்மஞ்ஞாக் கோமகனும் அவர் பக்கத்துப் பிரபுக்கள் பலரும் சிறைப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கத் தந்த மீட்புப் பணம் ஓர்தேஸின் மோங்காத் கோபுரத்தில் குவிந்தது. அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு பிராங்க் என்று வரியும் தண்டப்பட்டது. நாட்டில் அமைதி நிலவியதால் மக்கள் முகம் சுளிக்காமல் செலுத்தினார்கள் என்கிறார் ஃபிரவாஸார். விருந்தினரின் கூற்று என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே இதைக் கொள்ள வேண்டும். கோமகனின் அறையில் பெட்டிகள் இருந்தன. வந்த வீரர்களுக்கு அவற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பரிசு பெற்றவர் ஊர் திரும்பி அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேசுவார்; எதிரியின் காதுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேரும்.

கொடுத்ததற்கு ஈடாக வந்தது செய்தி. அரகோன், நவார், இங்கிலாந்து, பிரான்ஸ் என நாலாபுறத்திலிருந்தும் வீரர்கள் அந்தக் கூடத்தில் கூடினார்கள். ஃபிரவாஸார் அங்கே வந்ததே தொலைநாட்டுப் போர்களைப் பற்றிக் கேட்டறியத்தான். பிரெஞ்சு, ஆங்கிலேய அரசர்கள் இருவருக்கும் பிடிகொடுக்காமல் நடுநிலை காக்க விரும்பிய ஆட்சியாளருக்கு இதைவிடப் பயனுள்ள வரவு வேறென்ன?

1387இல் தொடங்கிய ‘வேட்டை நூல்’ இன்னும் தெளிவான சான்று. ஃபேபுஸின் தாய்மொழி ஓக்சித்தானியம். நூலை எழுதியதோ பிரெஞ்சில். படைத்ததோ பர்கண்டி கோமகன் பிலிப்புக்கு. அந்நூலுக்கு இன்றும் நாற்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் கிடைக்கின்றன. உள்ளூர் வாசகருக்கு மட்டும் எழுதியவர் இந்த மொழியைத் தேர்ந்திருக்க மாட்டார்.

ஆனால் எல்லாம் ஒரே மனிதரைச் சுற்றியே இயங்கின. 1380இல் சட்டபூர்வமான ஒரே மகன் தந்தையின் சிறையிலேயே, தந்தையின் கையாலேயே இறந்தான். வாரிசற்ற ஃபேபுஸ் 1390இல் ஓர் உடன்படிக்கை மூலம் தம் நாடுகளைப் பிரெஞ்சு அரசருக்கே எழுதிவைத்தார். வாழ்நாளெல்லாம் காத்ததை அவரே விட்டுக்கொடுத்த இந்த முடிவு மனத்தை உறுத்துகிறது. 1391 ஆகஸ்டு 1 அன்று கரடி வேட்டை முடிந்து, உணவுக்குமுன் கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது சரிந்து விழுந்து இறந்தார்.

மணவழி சாராத மகன் இவேன் கருவூலத்தைக் கைப்பற்ற ஓர்தேஸ் கோட்டைக்கு விரைந்தார். நகரமக்கள் விழித்துக்கொண்டு வாயில்களைக் காத்தார்கள். ஏழு லட்சம் ஃப்ளோரினுக்கு மேலிருந்த செல்வம் கைமாறவில்லை. பெயார்ன் மக்கள் பிரதிநிதிகள் கூடி, உறவினரான மத்தியூ தெ காஸ்தெல்போனை வாரிசாக ஏற்றார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் பிரெஞ்சு அரசரும் உடன்படிக்கையைக் கைவிட்டார். தீவட்டி விருந்துகள் ஃபேபுஸோடு முடிந்தன. அவர் அறிவித்த உரிமையைக் காத்தவர்களோ அந்த விருந்தில் இடம்பெறாத நகரத்தார். 1620இல் பதின்மூன்றாம் லூயி படையுடன் வரும்வரை பெயார்ன் பிரெஞ்சு முடியாட்சியோடு இணைக்கப்படவில்லை.