கைமாறி வந்த செயலிகள்: இந்தியாவில் கைப்பேசிச் செயலித் தரவிறக்கத்தின் வரலாறு

கைப்பேசியில் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக நிறுவிக்கொள்ளும் மென்பொருளைச் செயலி என்கிறோம். தமிழில் இச்சொல் பரவலாகி அதிக ஆண்டுகள் ஆகவில்லை. அதற்கு முன்பு கைப்பேசிக் கடைகளில் 'சாப்ட்வேர்', 'அப்ளிகேஷன்' என்றுதான் கேட்டு வாங்கினார்கள். ஆங்கிலத்திலும் 'ஆப்' என்ற குறுஞ்சொல் புதிதே. அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் அதை 2010ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

செயலிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் 2008 ஜூலை 10இல் தொடங்குவார்கள். ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோரைத் திறந்த நாள் அது. முதல் வார இறுதியிலேயே 1 கோடி தரவிறக்கங்கள் நடந்தன. அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. 2012 மார்ச்சில் அதன் பெயர் கூகுள் பிளே என்று மாறியது. ஆனால் இந்தியாவில் பெரும்பாலோரின் கைக்கு முதல் செயலி இந்த வழியில் வரவில்லை. கைப்பேசிக் கடைக்காரர், உடன் படித்தவர், சித்தப்பா மகன் என்று யாரோ ஒருவர் கொடுத்துத்தான் வந்தது. கொடுப்பவர் யார் என்பது மாறிய ஒவ்வொரு முறையும் நம் தரவிறக்கப் பழக்கமும் மாறியிருக்கிறது. அந்தக் கோணத்தில் இவ்வரலாற்றைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மெமரி கார்டும் புளூடூத்தும்

1997இல் வெளிவந்த நோக்கியா 6110 கைப்பேசியில் 'ஸ்நேக்' என்ற பாம்பு விளையாட்டு இருந்தது. அது கருவியோடு வந்தது. புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ஜாவா நிரல்களை ஏற்கும் கைப்பேசிகளும் சிம்பியன் இயங்குதளக் கைப்பேசிகளும் வந்த பிறகுதான் வெளியிலிருந்து மென்பொருளை ஏற்ற முடிந்தது. முதல் வகைக்கு 'ஜார்' கோப்பு, இரண்டாம் வகைக்கு 'சிஸ்' கோப்பு.

இவற்றை இணையத்திலிருந்து நேரடியாக இறக்க முடியும். ஆனால் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தனியாக இணையப் பேக் போடாதவர்களுக்கு அன்று பல நிறுவனங்கள் விதித்த கட்டணம் 10 கேபிக்கு 10 பைசா. 1 எம்பிக்கு 10 ரூபாய் ஆகிறது. 25 எம்பி அளவுள்ள செயலியை இறக்க 250 ரூபாய்! வேகம் நொடிக்கு 10 கேபி கிடைத்தால்கூட 40 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இடையில் ஓர் அழைப்பு வந்தால் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஆகவே ஊர்தோறும் கைப்பேசிக் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு, படம், கேம் ஏற்றித் தரப்படும்' என்ற அட்டை தொங்கியது. கடையின் கணினியில் எல்லாம் இருக்கும். கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தால் வேலை முடிந்திருக்கும். எதை ஏற்றுவது என்பதைப் பெரும்பாலும் கடைக்காரரே தீர்மானித்தார். வகுப்பில் பறிமுதல் செய்த கைப்பேசி ஒன்றை மாலையில் தந்தையிடம் ஒப்படைக்கும்போது, அதிலிருந்த பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளைக் காட்டி, "இதெல்லாம் எங்கிருந்து எடுத்தாய்?" என்று மாணவனைக் கேட்டேன். "நான் எதுவும் எடுக்கல சார், கடை அண்ணன் ஏத்திக் கொடுத்தாரு" என்றான். அன்று அதைச் சாக்குப்போக்கு என்று நினைத்தேன். உண்மையாகவே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடைக்கு அடுத்த வழி புளூடூத். இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்துக் கோப்பை அனுப்புவது. சிம்பியன் கைப்பேசிகளில் 'சான்றிதழ் காலாவதியாகிவிட்டது' என்று செய்தி வந்து நிறுவல் நின்றால், கைப்பேசியின் தேதியை ஓராண்டு பின்னுக்குத் தள்ளிவிட்டு நிறுவும் வித்தை பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பாதுகாப்புக்காக வைத்த பூட்டு நாட்காட்டியைத் திருப்பினால் திறந்துகொண்டது. கைமாற்றத்தில் ஆபத்து இல்லாமலும் இல்லை. 2004இல் கண்டறியப்பட்ட 'கேபிர்' என்னும் கைப்பேசிப் புழு, புளூடூத் வழியே சிஸ் கோப்பாகத்தான் பரவியது. பெறுபவர் 'சரி' என்று அழுத்தினால்தான் உள்ளே வரும். பலர் அழுத்தினார்கள்.

கடை திறந்தது, கணக்கு இல்லை

ஐபோன் 3ஜி 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 31,000 ரூபாய். அதைப் பற்றி இங்கு மேலும் பேச வேண்டியதில்லை. மலிவான ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் பரவிய பிறகே ஆப் ஸ்டோர் என்ற ஏற்பாடு சாதாரண மக்களை எட்டியது.

எட்டிய இடத்தில் ஒரு தடை இருந்தது. பிளே ஸ்டோரைத் திறக்க கூகுள் கணக்கு வேண்டும். வாழ்நாளில் மின்னஞ்சலே அனுப்பாத ஒருவர் திறன்பேசி வாங்கும்போது, கடைப் பையனே ஒரு முகவரியையும் கடவுச்சொல்லையும் உருவாக்கி, வாட்சப்பையும் முகநூலையும் நிறுவிக் கையில் கொடுத்துவிடுவான். கடவுச்சொல் வாங்கியவருக்குத் தெரியாது. மறுமாதம் கேட்டால் பையனுக்கும் நினைவிருக்காது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பிலிருந்து, அழித்து மீட்டமைத்த கைப்பேசியைத் திறக்கப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் பாதுகாப்பு சேர்ந்தது. திருட்டைத் தடுக்க வந்த அந்த ஏற்பாட்டில் சொந்தக்காரர்களே மாட்டிக்கொண்டு மீண்டும் அதே கடைக்குப் போனார்கள்.

பணம் கொடுத்துச் செயலி வாங்கும் வழக்கம் இங்கே வேர்பிடிக்கவில்லை. கடன் அட்டை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். கூகுள் 2015இல் இந்தியாவுக்கான குறைந்தபட்சச் செயலி விலையை 10 ரூபாயாகக் குறைத்தும் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. இலவசச் செயலி, அதற்குள் விளம்பரம் என்பதே நடைமுறையானது. அந்த 'இலவசம்' என்ற சொல்லின் பொருள் பின்னால்தான் நமக்குப் புரிந்தது.

தொடக்க கால ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துக்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்றவை அந்தக் குறையைப் போக்க முயன்ற முன்னோடிகள். பலர் தேடிப்பிடித்து நிறுவிய முதல் செயலி தமிழ் விசைப்பலகையாகவே இருந்தது.

ஷேர்இட் காலம்

ஏறத்தாழ 2014 முதல் 2020 வரையிலான ஆண்டுகளை ஷேர்இட் காலம் என்றே அழைக்கலாம். ஷேர்இட், எக்ஸெண்டர் ஆகியவை கைப்பேசிகளுக்கிடையே வைஃபை இணைப்பை நேரடியாக ஏற்படுத்தின. இணையம் தேவையில்லை. புளூடூத்தில் பல நிமிடம் பிடிக்கும் கோப்பு சில நொடிகளில் போய்விடும். திரைப்படம், பாட்டு ஆகியவற்றோடு, நிறுவியிருக்கும் செயலியையே ஏபிகே கோப்பாக அடுத்தவருக்கு அனுப்ப முடிந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் விளையாட்டு வாங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கியவர்கள் உண்டு.

இப்படி வந்த செயலி பிளே ஸ்டோரின் தரவிறக்க எண்ணிக்கையில் சேர்வதில்லை. ஒரு செயலியை எத்தனை பேர் இறக்கினார்கள் என்று அக்கால அட்டவணைகளைப் பார்த்து எழுதுபவர்கள், நம் நாட்டைப் பொறுத்தவரை அந்த எண் குறைவானது என்று கொள்ள வேண்டும்.

அடுத்த நெருக்கடி இடம். 4 ஜிபி அல்லது 8 ஜிபி சேமிப்பகம் கொண்ட கைப்பேசியில் இயங்குதளமே பாதியை எடுத்துக்கொள்ளும். மீதியை வாட்சப்பில் வரும் காலை வணக்கப் படங்கள் அடைத்துக்கொள்ளும். ஒரு செயலியை நிறுவ இன்னொன்றை நீக்க வேண்டும். பயணச்சீட்டுச் செயலியை ஊருக்குப் போகும்போது நிறுவி, திரும்பியதும் நீக்குவது சாதாரணம். மிந்த்ரா என்ற துணி விற்பனை நிறுவனம் 2015 மே மாதம் தன் இணையதளத்தை மூடிவிட்டு 'இனிச் செயலியில் மட்டும்' என்று அறிவித்தது. ஓராண்டில் முடிவை மாற்றிக்கொண்டு 2016இல் தளத்தை மீண்டும் திறந்தது. முகநூல் 2015இல் 'லைட்' பதிப்பை வெளியிட்டது இத்தகைய சிறிய கைப்பேசிகளுக்காகத்தான்.

2016: தரவு மலிந்தது

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை தரவு இலவசம். டிராய் கணக்கின்படி 2014இல் 1 ஜிபிக்குச் சராசரியாக 269 ரூபாயாக இருந்த செலவு 2018இல் 11 ரூபாய் 78 காசாக இறங்கியது. கடையில் கார்டு கொடுத்து ஏற்றும் தொழில் இந்த ஒரு காரணத்தால் ஓய்ந்தது. அந்தக் கடைகள் ஸ்கிரீன் கார்டு ஒட்டவும் உறை விற்கவும் மாறின.

அதே ஆண்டு நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. டிசம்பர் 30இல் யுபிஐ அடிப்படையிலான பீம் செயலி வெளியானது. 2017 செப்டம்பரில் வந்த கூகுளின் 'தேஸ்' மறு ஆண்டு கூகுள் பே ஆனது. இங்குதான் கைமாற்றத்தில் ஒரு புதிய திருப்பம். பீம் செயலிக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டால் 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசே 2017 ஏப்ரலில் திட்டம் அறிவித்தது. தேஸில் சேர்த்துவிட்டவருக்கும் சேர்ந்தவருக்கும் 51 ரூபாய். அதுவரை நட்புக்காகக் கொடுத்தது இப்போது கூலிக்காக ஆனது. மருமகன் மாமனாருக்கும், கல்லூரி மாணவி விடுதித் தோழிகள் அத்தனை பேருக்கும் இணைப்பை அனுப்பினார்கள். பணம் கையாளும் செயலியைக்கூட, 'நம்ம பிள்ளை அனுப்பியது' என்ற நம்பிக்கையில் நிறுவும் பழக்கம் இப்படித்தான் உறுதிப்பட்டது.

தடையும் கட்டாயமும்

2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் செயலியின் தரவிறக்கத்தைத் தடுக்குமாறு உத்தரவிட்டது. இரு வாரங்களில் கூகுளும் ஆப்பிளும் அதைத் தம் ஸ்டோர்களிலிருந்து எடுத்தன. ஏப்ரல் 24இல் தடை விலக்கப்பட்டது. அந்த இடைவெளியில் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் வழக்கம்போல் பயன்படுத்தினர்; கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு மாறுவதை அத்தடை தொடவில்லை.

2020 ஜூன் 29 அறிவிப்பு வேறு வகை. கல்வான் மோதலுக்குப் பின் மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. டிக்டாக், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர் ஆகியவற்றோடு ஷேர்இட்டும் எக்ஸெண்டரும் அப்பட்டியலில் இருந்தன. இம்முறை ஸ்டோர்களிலிருந்து நீக்கியதோடு நிற்கவில்லை. இணைய நிறுவனங்களும் தொடர்பை அடைத்ததால், கையில் இருந்த டிக்டாக்கும் இயங்கவில்லை. கிராமத்து ஆட்டக்காரர்கள், சமையல் செய்து காட்டிய பெண்கள் எனப் பலர் சேர்த்துவைத்த பார்வையாளர்கள் ஒரே இரவில் போனார்கள். செயலி நம் கைப்பேசியில் இருந்தாலும் நம்முடையது ஆகிவிடாது என்று பலர் முதன்முறையாக உணர்ந்தது அன்றுதான். இணையமில்லாமல் கைமாற்றும் பழக்கமும் அதே நாளில் தன் இரு பெரிய கருவிகளை இழந்தது.

அரசே செயலி கொடுப்பவராகவும் ஆகியிருந்தது. 2020 ஏப்ரல் 2இல் வந்த ஆரோக்கிய சேது 13 நாட்களில் 5 கோடிப் பேரை எட்டியது. மே 1 உத்தரவு ஊழியர்கள் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. மே 17இல் அது 'இயன்றவரை' என்று தளர்ந்தது. பள்ளிகளில் அதற்கு முன்பே 2018 புதிய பாடநூல்களில் க்யூஆர் குறிகள் அச்சாகி, தீக்‌ஷா செயலி வழியே காணொளி பார்க்கும் வசதி வந்திருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் பிள்ளைக்கு அக்குறி இரவு எட்டு மணிக்குத்தான் திறக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தை வாட்சப்பில் அனுப்பிவிட்டுப் பத்து மணிவரை விடைக்குக் காத்திருந்தது அதனால்தான்.

அனுமதி கேட்கும் பெட்டி

பழைய ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும்போதே அது கேட்கும் அனுமதிகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகக் கொடுக்க வேண்டும். இல்லையேல் நிறுவ முடியாது. 2015இல் வந்த 6.0 பதிப்பிலிருந்துதான் ஒவ்வொன்றாக மறுக்கும் உரிமை கிடைத்தது. உரிமை கிடைத்தும் பயன்படுத்தப் பழகவில்லை. சிஸ் கோப்புக் காலத்திலிருந்தே 'சரி' என்பதை அழுத்திப் பழகிய விரல்.

இதன் விலையைக் கடன் செயலிகள் வசூலித்தன. ஊரடங்கில் வருமானம் இழந்தவர்கள் ஐயாயிரம், பத்தாயிரம் என்று வாங்கினார்கள். செயலி கேட்ட அனுமதியில் தொடர்புப் பட்டியலும் படங்களும் இருந்தன. தவணை தவறியதும் உறவினர், மேலாளர், பக்கத்து வீட்டார் என அனைவருக்கும் அவதூறுச் செய்தி போனது. நாட்டின் பல பகுதிகளில் தற்கொலைகள் நடந்தன. ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஆய்வுக் குழு அமைத்து, 2022 செப்டம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டு, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. கூகுள் அதே விதியை 2023 மே 31 முதல் நடைமுறைப்படுத்தியது.

ஸ்டோர்கள் கண்டிப்பு காட்டத் தொடங்கியதும் மோசடிக்காரர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு பழைய பாதைக்கே வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்து வரும் முறை இது: வாட்சப்பில் ஒரு திருமண அழைப்பிதழ் அல்லது போக்குவரத்து அபராதச் சீட்டு வரும். பெயரின் இறுதியில் 'ஏபிகே' என்றிருக்கும். தொட்டால், தெரியாத இடத்திலிருந்து நிறுவலாமா என்று கைப்பேசி கேட்கும். 'சரி' என்றால் குறுஞ்செய்திகளைப் படிக்கும் செயலி உள்ளே இறங்கி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை வெளியே அனுப்பிவிடும். பெரும்பாலும் அதை அனுப்பியிருப்பது நமக்குத் தெரிந்தவரின் எண்தான். அவருடைய கைப்பேசி முந்தின நாள் இதே அழைப்பிதழைத் திறந்திருக்கும்.