மண்ணில் ஊன்றிய கம்பங்கள்

அஸ்திவாரம் இல்லாமல், மரக்கம்பங்களை மண்ணில் ஊன்றிக் கட்டிடம் எழுப்பும் முறை மிகப் பழையது. ஜப்பானின் இசே கோயில் இன்றும் இப்படித்தான் நிற்கிறது. ஆனால் ஈரமும் காற்றும் சேரும் தரைமட்டத்தில் மரம் மக்கிவிடும். அக்கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டிவிடுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013இல்.

சாதாரண வீட்டுக்கு இது கட்டுப்படியாகுமா?

1838இல் இங்கிலாந்தின் ஜான் பெத்தல், கிரியோசோட் எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இப்படி மருந்தேற்றிய கம்பங்களை நம்பித்தான் 1930களின் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்க விவசாயிகள் மலிவாகக் கொட்டகை போட்டனர். பின்னர் வீட்டோடு ஓர் அறை சேர்க்கவும் இம்முறை பயன்பட்டது. ஆனால் கொட்டகைக்கு ஏற்ற மருந்தெல்லாம் படுக்கையறைக்கு ஆகுமா? அமெரிக்காவில் ஆர்சனிக் ஏற்றிய மரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்குத் தயாரிப்பது 2003 இறுதியோடு நின்றது.

ஆக, அறையின் ஆயுள் கூரையில் இல்லை. கம்பம் மண்ணைத் தொடும் அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது!