ஆயில் அழுத்த எச்சரிக்கை: தளி வட்டாரக் குடும்ப வாகனங்களில்

ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு என்பது, இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலின் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டதை ஓட்டுபவருக்குக் காட்டும் சிவப்பு விளக்கு. மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கும் எண்ணெய்க் குடுவைதான் அதன் படம். சாவியைத் திருப்பியதும் எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கிய ஓரிரு நொடிக்குள் அணைந்துவிட வேண்டும். ஓடும்போது அது எரிந்தால் இன்ஜினை அணைப்பது ஒன்றே சரியான செயல். எரிவதும் தானாக அணைவதும் சில நாள் கழித்து மறுபடி எரிவதுமாக இருக்கும் நிலையைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அணைந்துவிட்டதே என்று வண்டியைத் தொடர்ந்து ஓட்டிப் பல நல்ல இன்ஜின்கள் வீணாகியிருக்கின்றன.

தளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். குளிர்ந்த தட்பவெப்பத்துக்காக வெள்ளையர் காலத்தில் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் பெற்றது. இங்கே குடும்ப வண்டி என்பது பெரும்பாலும் உழைக்கும் வண்டி. ஞாயிற்றுக்கிழமை வீட்டார் ஏழெட்டுப் பேரை ஏற்றிக் கோயிலுக்குப் போகும் அதே பொலேரோ, வார நாட்களில் ரோஜாக் கட்டுகளையும் கொத்தமல்லி மூட்டைகளையும் சந்தைக்குச் சுமக்கிறது. குளிர்ந்த காலையில் பள்ளிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர், மதியம் ஆனேக்கல் வழியாக பெங்களூரு நெரிசல், மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி சென்று சூளகிரி ஏற்றத்தில் ஓசூர் திரும்புதல், இடையில் தோட்டத்துக்குப் போகும் கல் பாதை. இந்த நான்கு வகை ஓட்டமும் ஆயிலை நான்கு விதமாகக் கெடுக்கின்றன. அதனால் விளக்கு எரிந்தது என்பதைவிட எந்த ஓட்டத்தில் எரிந்தது என்பதே பட்டறைக்கு முதலில் தெரிய வேண்டியது.

அழுத்தம் உருவாகும் விதம்

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்பட்ட ஆயில் கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய இடைவெளி வழியாகக் கசிந்து வெளியேற வேண்டியிருப்பதால் எதிர்ப்பு பிறக்கிறது. அந்த எதிர்ப்பே அழுத்தமாகிறது. கார் இன்ஜின்களில் இந்த இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை. கசியும் அளவு இடைவெளியின் முப்படியைப் பொறுத்தது. தேய்மானத்தால் இடைவெளி இரண்டு மடங்கானால், மற்றவை மாறாத நிலையில், கசிவு எட்டு மடங்காகும். புதிய பம்ப் போட்டும் பழைய இன்ஜினில் விளக்கு அணையாமல் இருப்பதற்கு விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பேரிங்குக்குள் நடப்பதை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் போஷாம்ப் டவர். 1883-இல் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோது, பேரிங்கின் மேல் போட்ட துளையை அடைத்திருந்த மரக்கட்டையை ஆயில் தானாகவே வெளியே தள்ளியது. சுழலும் அச்சு ஆயிலைத் தன்னோடு இழுத்துச் சென்று, சுமையையே தூக்கி நிறுத்தும் படலமாக்குகிறது என்பது அப்போது தெரிந்தது. 1886-இல் ஆஸ்பார்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணித வடிவம் தந்தார். படலத்துக்குள் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் வரை போகும். பம்ப் தள்ளும் வழியில் எழுவது மூன்று நான்கு பார்தான். அந்தச் சிறிய அழுத்தம் படலத்துக்குத் தீனி போடுகிறது. தீனி நின்றால் படலம் உடைகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, பேரிங் உருகி கிராங்கைப் பிடிக்கிறது. பட்டறைகளில் ‘இன்ஜின் சீஸ்’ என்று சொல்வதன் பொதுவான வழி இது.

ஓசூரிலேயே பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் (1980) இந்த விளக்குக்கு வேலை இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. பம்ப் அழுத்தத்தை நம்பியிருக்கும் பேரிங்குகள் அதில் கிடையாது. மொபெட்டில் கை பழகி நான்கு சக்கரத்துக்கு வந்தவர்கள் ஆயில் மட்டம் பார்க்கும் வழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

விளக்கு சொல்லாதது

பெரும்பாலான வண்டிகளில் விளக்கை இயக்குவது இன்ஜின் பிளாக்கில் முறுக்கிப் பொருத்திய சிறிய ஸ்விட்ச். அழுத்தம் ஏறத்தாழ 0.2 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கு எரியும். சூடான இன்ஜின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஏறத்தாழ 1 பார், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3 அல்லது 4 பார் இருப்பது பல கார்களில் வழக்கம். 3000 சுற்றில் வெறும் 1 பார் மட்டுமே இருக்கும் இன்ஜின் அழிந்துகொண்டிருக்கிறது. ஆனால் விளக்கு எரியாது. எரியும் நாளில் பாதுகாப்பு எல்லையெல்லாம் தீர்ந்திருக்கும். எச்சரிக்கை என்று பெயர் இருந்தாலும் அதைக் கடைசி அறிவிப்பாகக் கொள்வதே நியாயம். ஓடும் வண்டியில் இடைப்பட்ட இந்தச் சரிவைக் காட்டுவது முள் காட்டும் மீட்டர் மட்டுமே. அதைப் பெரும்பாலான குடும்பக் கார்களிலிருந்து எடுத்துவிட்டது வாங்குபவருக்கு இழப்பு.

எரியும் நேரம்

பெங்களூரிலிருந்து திரும்பிச் சிக்னலில் நிற்கும்போது எரிந்து, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைவது மிகப் பரவலான வகை. ஆயில் சூட்டில் இளகுகிறது: 15டபிள்யூ-40 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும், 100 டிகிரியில் 14 அளவுக்கு இறங்கிவிடும். ஐடிலிங்கில் பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது. இந்த இரண்டோடு பேரிங் தேய்மானம் சேர்ந்தால் விளக்கு மினுக்கும். எல்லாவற்றுக்கும் பேரிங்தான் காரணம் என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. ஆயிலில் டீசலோ பெட்ரோலோ கலந்து இளகியிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

அந்தக் கலப்பு இப்போது முன்பைவிட அதிகம் கவனிக்க வேண்டியதாகிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் சிறிது நேரம் ஓடினால் இந்த எரிப்பு முழுமையாக முடியும். பள்ளிக்கும் பால் சொசைட்டிக்குமாக ஓடும் வண்டியில் அது பாதியில் நின்று நின்று தொடங்கும். ஒவ்வொரு முறையும் டீசல் சேரும். மட்டம் பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போவது இதன் அடையாளம். ஆயில் குறையவில்லை என்று வீட்டார் மகிழ்ந்தால் அது ஏமாற்றம்; டீசல் வாடை அடிக்கும் அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

வளைவில் திரும்பும்போதும் வேகத்தடைக்கு முன் பிரேக் பிடிக்கும்போதும் ஒரு கணம் மின்னினால் ஆயில் மட்டம் குறைவு என்பதே முதல் சந்தேகம். சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்புக்கு ஆயிலை உறிஞ்சித் தரும் வலைவாயான ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது. டிப் ஸ்டிக்கின் இரு குறிகளுக்கு இடையிலான அளவு பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். சம்ப் சிறியதாக உள்ள இன்ஜின்களில் இது பெரிய பங்கு. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா உட்படப் பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் மூன்று லிட்டர் சொச்சம் ஆயிலில் ஓடுகிறது. ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று; டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் அதே ஆயில் அழுத்தம்தான்.

காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஐந்தாறு நொடி எரிந்து அணைந்தால் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நல்ல ஃபில்டரில் ஆயிலை இரவு முழுவதும் மேலே நிறுத்திவைக்கும் ரப்பர் தடுப்பு ஒன்று இருக்கும். மலிவு ஃபில்டரில் அது இறுகிப்போனாலோ இல்லாமலே இருந்தாலோ ஆயில் சம்ப்புக்கு வடிந்துவிடும். சில நூறு ரூபாயில் தீரும் கோளாறு இது.

வேகம் கூடக் கூட அழுத்தம் குறைவது இவற்றுக்கு நேர்மாறான வகை. உறிஞ்சும் வழியில் அடைப்பு இருக்கிறது என்று இதற்குப் பொருள். தளிப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் இதற்கு உள்ளூருக்கே உரிய ஒரு காரணம் உண்டு. கல்லில் மோதி சம்ப் உள்ளே குழிந்தால், ஒரு விரல் தடிமன்கூட இல்லாத இடைவெளியில் நிற்கும் ஸ்ட்ரெய்னரை அது அடைத்துவிடும். ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாததால் யாருக்கும் சந்தேகம் வராது. வண்டியைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முந்தைய வேலையில் அளவுக்கு மீறித் தடவிய சிலிகான் பேஸ்ட் உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாக ஸ்ட்ரெய்னர் வலையில் ஒட்டுவதும் உண்டு. மாற்றாமல் விட்ட ஆயில் களிம்பாகத் திரண்டு அதே வலையை மூடுவது இன்னும் சாதாரணம்.

எந்த ஒழுங்கிலும் சேராமல், குண்டு குழியில் குலுங்கும்போது எரிந்து அணைந்தால் வயரிங்கைச் சந்தேகிக்கலாம். தீவனமும் ராகியும் வைக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் எலி வயரைக் கடிக்கும். உறை போன வயர் பாடியில் உரசினாலும் விளக்கு எரியும். பழைய வகை ஒற்றை வயர் ஸ்விட்சில் வயரைக் கழற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் பழுது வயரில்தான்.

அளந்து பார்த்தல்

இங்கேதான் பல பட்டறைகள் வழி தவறுகின்றன. விலை குறைவு என்பதால் முதலில் ஸ்விட்சை மாற்றுகிறார்கள். விளக்கு சில நாள் அணைந்திருந்தால் வேலை முடிந்ததாக வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். ஸ்விட்சைக் கழற்றிய அதே துளையில் முள் மீட்டரைப் பொருத்தி அளப்பதற்கு அரை மணி நேரம் போதும். இன்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும். குளிர்விக்கும் நீர் சூடான பிறகும் ஆயில் சூடேறக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டு அளப்பது நல்லது. ஐடிலிங்கிலும் 2000, 3000 சுற்றுகளிலும் எழுதிக்கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். எல்லா அளவும் சரியாக இருந்தால் மட்டுமே ஸ்விட்ச் குற்றவாளி. எல்லா வேகத்திலும் குறைவாக இருந்தால் பம்ப், திறந்த நிலையில் சிக்கிய ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தைத் தணிப்பது), ஸ்ட்ரெய்னர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குளிரில் சரியாகவும் சூட்டில் ஐடிலிங்கில் மட்டும் குறைவாகவும் இருந்தால், சரியான தரத்தில் புது ஆயிலும் ஃபில்டரும் மாற்றி மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறைந்தால் சம்ப்பை இறக்கியே ஆக வேண்டும். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தால் மினுக்கும் துகள்கள் உண்மையைச் சொல்லும். பேரிங்கின் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் கிராங்கைக் கழற்றி அளந்து, தேவையானால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். சில புதிய இன்ஜின்களில் கிராங்கை அரைக்கத் தயாரிப்பாளர் அனுமதிப்பதில்லை. லேத்துக்கு அனுப்பும் முன் இதைக் கேட்டறிவது அவசியம்.

பம்பே நின்றுபோகும் நேர்வும் உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உருவாகி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ஈகோஸ்போர்ட் கார்கள் இதற்கு எடுத்துக்காட்டு. அவற்றின் 1.0 லிட்டர் இன்ஜினில் ஆயில் பம்பைச் சுற்றுவது ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். அந்த பெல்ட்டின் பற்கள் உதிர்வதும் அதை இறுக்கும் கை உடைவதும் தெரியவந்ததால், 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 2018–2022 ஈகோஸ்போர்ட், 2016–2018 ஃபோகஸ் கார்கள் ஏறத்தாழ 1,40,000 திரும்ப அழைக்கப்பட்டன. அழுத்தம் திடீரென அற்றுப்போவதோடு, பிரேக்குக்குத் துணை தரும் விசையும் இழக்கப்படலாம் என்பதே காரணம்.

கெட்டி ஆயில்

விளக்கை அணைக்கத் தடித்த 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றுவது பழைய வழக்கம். எதிர்ப்பு கூடுவதால் முள் மேலே ஏறுவது உண்மை. ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். தளியின் மார்கழிக் காலையில் அந்த ஆயில் வால்வுகள் வரை ஏறத் தாமதமாகும். 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த இன்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பாகங்களும் தடுமாறும். கையேட்டின் பட்டியல் அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி கூட்டுவது வேறு. அதைத் தாண்டுவது, வண்டியை விற்கும்வரை விளக்கை அடக்கிவைப்பது. வாங்கும் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம் அது.

காட்டுச் சாலையில்

ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய சாலைகளில், யானை நடமாட்டத்துக்குப் பயந்து விளக்கு எரிந்தபடியே ஓட்டிவிடுபவர்கள் உண்டு. இப்பகுதியில் வண்டி வைத்திருப்பவர், தம் இன்ஜினுக்குரிய ஆயில் ஒரு லிட்டரை எப்போதும் வண்டியில் வைத்திருப்பது நல்லது. மட்டம் குறைந்திருந்து, ஊற்றியதும் விளக்கு அணைந்தால், கீழே ஒழுகலைப் பார்த்துவிட்டு மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். மட்டம் சரியாக இருந்தும் எரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருந்து உதவிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். டிராக்டரில் கட்டி இழுக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் பூட்டாமலிருக்கச் சாவி திரும்பியிருக்க வேண்டும். இன்ஜின் ஓடாததால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் துணைக்கு வராது. பிரேக்கை வழக்கத்தைவிடப் பல மடங்கு அழுத்தி மிதிக்க நேரும். இறக்கத்தில் கயிற்றுக்குப் பதில் இரும்புக் கம்பி இணைப்பே பாதுகாப்பு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை, இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் கெடும். அதை மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.