காரைத் தாழ்த்துதல்: பின்பக்க சஸ்பென்ஷன்

காரின் உடலைத் தரைக்கு நெருக்கமாக இறக்கி அமைப்பது தாழ்த்துதல் எனப்படும். ஒர்க்‌ஷாப்பில் 'லோ பண்றது' என்பார்கள். அரை நாள் வேலைதான். ஆனால் பின் அச்சைச் சுற்றியுள்ள ஒவ்வொரு உறுப்பும் அதற்குக் கணக்குக் கேட்கும்.

பின்பக்க சஸ்பென்ஷனில் மூத்தது பட்டை வில். லண்டனில் ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்டப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை வில் குதிரை வண்டிகளில் பரவி, நம் மாட்டு வண்டிக்கும் வந்து, வில்வண்டி என்ற பெயரையும் தந்தது. உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் முன்பக்கம் முறுக்குக் கம்பியை ஏற்றது. பின்பக்கம் வில்வண்டியின் வழியிலேயே நின்றது. பிரீமியர் பத்மினியின் பின்பக்கமும் அப்படியே. பட்டை அச்சுக்குக் கீழே இருக்கும் காரில், இரண்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து நீண்ட யு போல்ட்டால் இறுக்கினால் உடல் இறங்கும். பட்டை மேலே இருந்தால் அதே கட்டை காரை உயர்த்திவிடும்! கட்டை உயர உயர, வண்டி இழுக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு பட்டை ஆங்கில 'S' போல நெளியும். வளைவை அடித்து நிமிர்த்தினாலோ பட்டை நீண்டு, அதைத் தொங்கவிடும் ஷாக்கிள் பின்னுக்குச் சாயும்.

சுருள் வில் உள்ள காரில் அதை வெட்டுவது மலிவான வழி, மோசமான வழியும் அதுவே. வேலைசெய்யும் எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். சக்கரம் தொங்கும்போது குட்டையான வில் தன் தாங்குதட்டில் தளர்ந்து விலகக்கூடும். பழைய ஷாக் அப்சார்பர் எப்போதும் பாதி அமுங்கிய நிலையிலேயே ஓடும்.

மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களின் முறுக்கு அச்சில் சக்கரச் சாய்வு பெரிதாக மாறாது. அடிபடுவது அச்சை உடலோடு இணைக்கும் கையின் ரப்பர் புஷ். பழைய உயரத்தில் இறுக்கப்பட்ட அது நிரந்தரமாக முறுக்கிக் கிடந்து கிழியும். காரைத் தரையில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி மீண்டும் இறுக்கினால் தீரும், பலர் செய்வதில்லை. பல இணைப்புக் கைகள் கொண்ட காரில் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும்.

சில கார்களில் பின் அச்சோடு இணைந்த பிரேக் வால்வு, உடல் தாழ்ந்திருந்தால் பாரம் ஏறியிருப்பதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். சேர்வராயன் மலையின் ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும்போது, முன்பக்கம் சாயும் எடையால் பின்சக்கரம் ஏற்கெனவே இலேசாகியிருக்கும். ஈரச் சாலையில் அது பூட்டிக்கொண்டால் வால் வீசும். ஏறும்போதோ எடை பின்னால் வரும். பின்சீட்டில் மூவர் அமர்ந்தால் அச்சு ரப்பர் தடுப்பில் முட்டி, வளைவில் பிடிப்பு சட்டென விட்டுப்போகும். தாழ்த்தினால் வளைவில் கார் ஒட்டி ஓடும் என்பது பந்தயத் தடத்துக்குப் பொருந்தும், சேர்வராயன் மலைக்குப் பொருந்தாது.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். 163 மி.மீ. தரை இடைவெளியுள்ள ஸ்விஃப்ட்டை 50 மி.மீ. இறக்கினால் வெறும் வண்டிக்கே 113 மி.மீ.தான் மிஞ்சும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆனாலும் உயரத்தைத் திருகி மாற்றும் காயிலோவர் செட்டுகள் இப்போது விற்பனையில் உள்ளன.