ஓடாவியின் பெட்டியும் வாரம் ஒரு ஷில்லிங்கும்

ரொச்செஸ்டர் நகரத்துக் கில்ட்ஹோல் அருங்காட்சியகத்தில் ஒரு தச்சுப் பெட்டி இருக்கிறது. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தச்சுவேலை செய்கிற எவரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். சாத்தம் ஊரில் தளபாடம் செய்துவந்த ஜோசப் சீட்டன், 1796 டிசெம்பரில் தன் மகன் பெஞ்சமினுக்காக ஒரு முழுத் தொகுதி ஆயுதங்களை வாங்கினார். பெரும்பகுதியை லண்டனில் கிறிஸ்டோபர் கேப்ரியல் என்பவரின் கடையில் எடுத்தார். சீவுளி, உளி, வாள், துறப்பணம் எல்லாமே புதியவை. மகன் 1797இல் அவற்றுக்கென்றே பெட்டியைச் செய்தான். வெளியே பகட்டில்லாத பலகை. திறந்தால் உள்ளே தட்டுத்தட்டாக, மெல்லிய மரத்தகடு ஒட்டிய நுணுக்க வேலை. அதையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது அவன் எழுதிவைத்த பட்டியல். எந்தக் கருவி, என்ன விலை என்று ஒவ்வொன்றாகப் பதிந்திருக்கிறான். ஒரு உளி காணாமற் போனாலும் எது போனது, அதற்கு ஈடு எவ்வளவு என்று அன்றே சொல்லியிருப்பான்.

அந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் கூலிக்குப் போகும் தச்சனுக்கு முதலாளி மரம் கொடுப்பார், வேலை மேசை கொடுப்பார். கருவி தச்சனுடையது. கருவி இல்லாதவனுக்கு வேலை இல்லை. முழுப்பெட்டியை ஒருவர் தனியே தூக்க முடியாது. அதனால் கட்டட வேலை முடியும்வரை அது அங்கேயே கிடக்கும். கூரை போடாத வீடு, கதவு வைக்காத வாசல், இரவில் ஆளில்லாத இடம். திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் வழக்குப் பதிவுகள் 1674 முதல் 1913 வரை அச்சில் இருக்கின்றன. வேலை முடிந்த இரவுகளில் அவற்றை வாசிப்பது எனக்குப் பழக்கம். கட்டடத்திலிருந்து வாளும் சீவுளியும் களவுபோன வழக்குகள் அங்கே திரும்பத் திரும்ப வருகின்றன. பல வழக்குகளில் அடகுக்கடைக்காரரும் சாட்சிக்கு வருகிறார். பொருள் தன்னுடையதுதான் என்று தச்சன் நிரூபிக்க வேண்டும். பெயர் குத்தியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைபிடியில் தான் செய்த ஒட்டு, அலகில் உள்ள பழைய உடைவு என்று ஏதாவது அடையாளம் சொல்ல வேண்டும்.

அந்தக் காலச் சட்டம் களவை விலையால் அளந்தது. ஒரு ஷில்லிங்குக்குக் குறைந்தால் சிறுகளவு, அதற்கு மேற்பட்டால் பெருங்களவு. இந்தப் பிரிவு 1827 வரை இருந்தது. பெருங்களவுக்குத் தண்டனை கடுமையானது என்பதால், இரக்கப்பட்ட ஜூரிகள் பொருளின் விலையைக் குறைத்துத் தீர்ப்புச் சொன்னதும் உண்டு. அந்த இரக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். வாள் ஒன்றுக்காக ஒருவனைக் கடல் கடத்துவது நியாயமே அல்ல. ஆனால் கருவி போன நாளிலிருந்து அடுத்த கருவி வாங்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை எந்தப் பதிவும் கேட்கவில்லை. பத்துப் பென்ஸ் என்று எழுதப்பட்ட வாள், ஒரு குடும்பத்தின் பல வாரச் சாப்பாடு.

இங்கிலாந்தின் பழைய சாமான் கடைகளில் மரச் சீவுளிகள் இன்னும் கிடைக்கும். எடுத்து முன்நெற்றியைப் பாருங்கள். செய்தவரின் பெயருக்கு மேலும் கீழும் சொந்தக்காரரின் பெயர் இரும்பு அச்சால் அடிக்கப்பட்டிருக்கும். என்னிடம் உள்ள ஒன்றில் மூன்று பேரின் பெயர் இருக்கிறது. கைமாறக் கைமாற, ஒவ்வொருவரும் முந்தியவரின் பெயரை அழிக்காமல் பக்கத்தில் தன் பெயரை அடித்திருக்கிறார். நான் இன்றும் அதால்தான் இழைக்கிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் ஓடாவி, அதாவது தச்சர். உளிகளின் பிடியில் சூட்டுக்கோலால் ஒரு சிறு வேல் குறி வைத்திருப்பார். ஆயுதபூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமியறையில் அடுக்கினால், விஜயதசமி வரை ஒருவரும் தொடக்கூடாது. மற்ற நாட்களிலும் இரவல் கேட்டு வருபவர்களிடம், "ஆளைக் கூப்பிடு, நானே வந்து செய்துதாறன், உளி தரமாட்டன்" என்பார். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவர் செய்த அலுமாரியும் கட்டிலும் வீட்டோடு கிடந்தன. சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனது ஆயுதப் பெட்டியைத்தான். தென்மராட்சியில் நாங்கள் பசியில்லாமல் இருந்தது அந்தப் பெட்டியால்.

கருவி என்றால் பிழைப்பு என்பதைச் சட்டமும் ஓரிடத்தில் நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. 1744இல் சிம்ப்சன் எதிர் ஹார்டொப் என்ற வழக்கு வந்தது. வாடகைப் பாக்கிக்காகக் காலுறை நெய்யும் சட்டகம் ஒன்றை வீட்டுக்காரர் கைப்பற்றியிருந்தார். வேலையில் இருக்கும் கருவியை அப்படி எடுக்க முடியாது என்று நீதிபதி வில்ஸ் தீர்த்தார். அதே எண்ணம் கடல் கடந்து எங்கள் நாட்டுக்கும் வந்தது. இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 218ஆம் பிரிவைப் பாருங்கள். கடனாளியின் உடுப்பு, படுக்கை ஆகியவற்றோடு அவரது தொழிற்கருவிகளையும், கமக்காரர் என்றால் கலப்பை, மாடு, விதைநெல்லையும் கடன்காரர் பறிக்க முடியாது. நீதிமன்றக் கட்டளையோடு வருபவனுக்கே கைவைக்க உரிமையில்லாத பெட்டி அது. ஆனால் இரவில் வருபவன் அதைத் தூக்கிப்போனால் ஈடு கொடுக்க எவரும் இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் தச்சர்களேதான். 1859இல் லண்டன் கட்டடத் தொழிலாளர் ஒன்பது மணி நேர வேலைநாள் கேட்டார்கள். முதலாளிமார் கதவைப் பூட்டினார்கள்; சங்கத்தில் சேரமாட்டேன் என்று கையெழுத்து வைப்பவனுக்கே வேலை என்றார்கள். அந்தப் போராட்டம் ஓய்ந்த கையோடு, 1860இல், தச்சர்–இணைப்பாளர் ஒன்றிணைந்த சங்கம் பிறந்தது. 1862இல் ரொபர்ட் ஆப்பிள்கார்த் என்ற தச்சர் அதன் பொதுச் செயலாளரானார். சந்தா வாரம் ஒரு ஷில்லிங். அந்த நாள் கூலியில் அது சின்னக் காசு அல்ல. பதிலுக்கு வேலையில்லாக் காலப் பணம், நோய்ப் பணம், முதுமைப் பணம், மரணச் செலவு, இவற்றோடு கருவி இழப்புக்கான ஈடு. 1867இல் தொழிற்சங்கங்கள் பற்றிய அரச ஆணைக்குழுவின் முன் ஆப்பிள்கார்த் சாட்சி சொன்னபோது அதையும் விளக்கினார். சேர்ந்து ஆறு மாதமே ஆனவருக்கு ஐந்து பவுண். அதற்கு மேற்பட்டவருக்கு இழப்பு எவ்வளவோ அவ்வளவு. உச்சவரம்பே கிடையாது.

இதை எப்படித் தாங்கினார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிளையில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். யாருடைய பெட்டியில் என்ன இருந்தது என்பது பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும். பொய்க் கணக்கு எழுத முடியாது. உண்மைக் கணக்கை எவரும் சந்தேகிக்கவும் மாட்டார். காப்புறுதிக்கு இதைவிட உறுதியான அடிப்படையை நான் கண்டதில்லை.

அதே 1867இல், அதே விசாரணையின் ஒரு கிளை ஷெஃபீல்ட் நகரில் வேறொரு கதையைக் கேட்டது. அங்கே வாள் அலகுகளைச் சாணை பிடிக்கும் தொழிலாளரின் சங்கம் சந்தா கட்டாதவர்களைத் தண்டித்த விதம் இது: இரவோடு இரவாக அவர்களின் சாணைக்கல்லைச் சுழற்றும் தோல் பட்டியும் கருவிகளும் மறைந்துவிடும். பாக்கியைக் கட்டினால் திரும்ப வரும். அதற்கும் அடங்காதவன் வீட்டில் 1866 ஒக்டோபரில் வெடிமருந்தே வைத்தார்கள். செயலாளர் வில்லியம் புரோட்ஹெட் எல்லாவற்றையும் ஆணைக்குழு முன் ஒப்புக்கொண்டார். ஒரு தொழிலாளியை அடக்க வேண்டுமானால் அவன் கருவியில் கைவைத்தால் போதும் என்று தெரிந்த சங்கம் ஒன்று. அதே காரணத்துக்காக அந்தக் கருவியைக் காத்த சங்கம் இன்னொன்று. வரலாறு ஆப்பிள்கார்த்தின் பக்கம் நின்றது. அவரது சங்கம் 1921இல் மரவேலையாளர் சங்கமாகவும், 1971இல் கட்டடத் தொழிலாளரின் பெரிய சங்கமாகவும் வளர்ந்து, 2017இல் யுனைட் சங்கத்தோடு கலந்தது.

இதற்கிடையில் கருவியே மாறிவிட்டது. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் துப்பாக்கிப் பிடி வைத்த மின்துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றது. 1965இல் ஃபோர்ட் டிரான்சிட் வான் வந்தது. பிறகு பற்றறிக் கருவிகள் வந்தன. பெட்டி சக்கரம் முளைத்துத் தெருவோரத்தில் வந்து நின்றது. வேலைக்கு எளிது, களவுக்கும் எளிது. அப்பாவின் உளியை ஊரே அறியும். ஒரே அச்சில் இலட்சக்கணக்காக வரும் துளைப்பானில் அடிப்பக்கத்து இலக்கம் ஒன்றுதான் அடையாளம். அதைச் சுரண்டிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அது யாருடைய பொருளும் ஆகிவிடும். "இரவில் இந்த வானில் கருவிகள் இல்லை" என்று பின்கதவில் ஒட்டுகிறோம். மேலதிகப் பூட்டும் போடுகிறோம். பூட்டைத் தொடாமலே, பக்கக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து உடல் பாரத்தால் கீழே மடித்துவிடுகிறார்கள்.

என் வானையும் அப்படித்தான் ஒரு விடியலில் கண்டேன். முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் கிடைத்தது. இரவில் வானுக்குள் இருந்த கருவிக்கு ஈடு இல்லை என்ற நிபந்தனையைக் காப்புறுதிக்காரர் வாசித்துக் காட்டினார். எடுத்த வேலையைப் பாதியில் விட்டேன். அந்த வீட்டுக்காரி இன்னொருவரைப் பிடித்தார். போன பொருளின் விலையைவிட அந்த வேலையும் அந்த நற்பெயரும் பெரிது. போர்ட்ஸ்மத் வடக்குத் தொகுதி உறுப்பினர் அமாண்டா மார்ட்டின், கருவிக் களவைத் தண்டிக்கும்போது தொழிலாளி இழந்த வருமானத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் சட்டமூலம் கொண்டுவந்தது இதற்காகத்தான். விலைச்சீட்டை மட்டும் பார்க்கும் பழைய கண் மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் மின்வேலை, குழாய்வேலை, தச்சுவேலை செய்யும் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் இல்லாத ஊர் இல்லை. ஒருவரையொருவர் அறியாத கிளையும் இல்லை. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு சேர்க்கத் தெரிந்த எங்களால் மாதம் சில பவுண் போட்டு ஒரு கருவிக் காப்பு நிதியை நடத்த முடியும். இந்த வாரமே உங்கள் கருவிகளைப் படம் எடுத்து, இலக்கமும் விலையும் சேர்த்துப் பட்டியல் எழுதி வீட்டில் வையுங்கள். பெயரை ஆழமாகப் பொறியுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் சொல்லி, இந்த நிதியை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் செய்யுங்கள்.